சோடா மூடியில் ஒரு தொங்கு சிற்பம்: முதன்முறை செய்பவர்களுக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் காலிச் சீசாவுக்கு விலை உண்டு. அதன் மூடியை யாரும் சீண்டுவதில்லை. கடை வாசலில் மிதிபட்டுக் கிடக்கும் அந்த மூடிகளைக் கோத்து, துணிபோல் மடிந்து விழும் ஓர் உலோகத் திரையைச் செய்யும் விதத்தை இங்கே விளக்குகிறேன். இது என் கண்டுபிடிப்பன்று. கானாவில் 1944-இல் பிறந்து, நுசுக்காவிலுள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் சிற்பம் கற்பித்த எல் அனாட்சுயி, 1990-களின் இறுதியில் மதுப்புட்டி மூடிகள் நிறைந்த ஒரு பையைத் தற்செயலாகக் கண்டெடுத்தார். அவற்றைத் தட்டி, மடித்து, செப்புக் கம்பியால் இணைத்து அவர் உருவாக்கிய சுவரளவுத் திரைகள் உலகெங்கும் பேசப்பட்டன. 2015-இல் வெனிஸ் பினாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சி வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதை அவருக்கு வழங்கியது. அவர் கையாள்வது பெரும்பாலும் மெல்லிய அலுமினிய மூடி. நமக்கு எளிதில் கிடைப்பது 21 பற்கள் கொண்ட இரும்பு மூடி.

முதல் முயற்சிக்கு 300 மூடிகள் போதும். தமிழ்நாட்டுப் பக்கம் பழைய இரும்புக் கடை என்றும், பாலக்காட்டுப் பக்கம் ஆக்ரிக் கடை என்றும் சொல்லப்படும் இடங்களில் கேட்டால் எடை போட்டுத் தருவார்கள். மொத்தமே முக்கால் கிலோவைத் தாண்டாது. பம்புசெட் மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப் போட்ட 22 கேஜ் செப்புக் கம்பி சுமார் 35 மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தியல், ஒன்றரை அங்குல ஆணி, நோஸ் பிளையர், தடித்த கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவையும் வேண்டும். அடிக்கட்டைக்குக் கறிக்கடையில் தேய்ந்து ஒதுக்கிய புளியமரக் கட்டையைவிடச் சிறந்தது ஒன்றுமில்லை.

மூடிகளைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் வட்டு இளகும். கத்தி முனையால் நெம்பி எடுத்து, மூடியை நன்கு உலர்த்துங்கள். பிறகு பற்கள் மேல்நோக்கி இருக்கும்படி கட்டையின்மீது வைத்து, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். நடுவில் ஓங்கி அடித்தால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்துவிடும்.

அடுத்தது துளை. ஒவ்வொரு மூடியிலும் நான்கு திசைகளில் நான்கு துளைகள், விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இட வேண்டும். அதற்கும் குறைந்தால் கம்பி இழுக்கும்போது தகடு கிழியும். ஆணி துளைத்த பின்புறம் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை மறுபடி தட்டிச் சமப்படுத்தத் தவறாதீர்கள். கையைக் கிழிப்பதும் கம்பியை அறுப்பதும் அந்தப் பிசிறுதான்.

இனிமேல் கோக்கும் வேலை. பொறுமை முழுவதையும் இங்கே செலவிடுங்கள். அகலத்தில் 15, உயரத்தில் 20 என அடுக்கினால் 565 இணைப்புகள் வரும். கம்பியை 6 சென்டிமீட்டர்த் துண்டுகளாக நறுக்கி, அடுத்தடுத்த இரு மூடிகளின் துளைகளில் நுழைத்து, வளையமாக்கி, மூன்று முறுக்கு முறுக்கி, முனையைப் பின்பக்கமாக மடக்கிவிடுங்கள். இரு மூடிகளுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி தாராளமாகப் புகும் இடைவெளி இருக்க வேண்டும். நான் முதலில் செய்த திரையில், உறுதியாக இருக்கட்டும் என்று எல்லா வளையங்களையும் இறுக்கிவிட்டேன். திண்ணையில் தொங்கவிட்டது பலகைபோல் விறைத்து நின்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வந்ததும், அசைய வழியில்லாமல் கம்பி ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைந்து, மூன்றாம் நாள் நான்கு வரிசைகள் அறுந்து விழுந்தன. தளர்வாகக் கோத்த இரண்டாவது திரை அதே காற்றில் சலசலத்ததே தவிர அறுபடவில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை சிவப்பையும் மஞ்சளையும் கட்டம் கட்டமாக அடுக்காமல், கைக்கு வந்தபடி கலந்துவிடுவதே எனக்குப் பிடிக்கும். ஈரம் பட்டால் செம்பு தொடும் இடத்தில் இரும்பு இன்னும் விரைவாகத் துருவேறும் என்பதால், முடித்த திரைக்கு நிறமற்ற வார்னிஷை இருமுறை பூசி, மழைச்சாரல் படாத சுவரில் மாட்டுங்கள்.

மாட்டும்போது 60 சென்டிமீட்டர் அகலத்தை விரித்துப் பரப்பாமல், ஐந்து ஆணிகளைச் சற்று ஏற்றியும் இறக்கியும் அடித்து, 45 சென்டிமீட்டருக்குள் ஒடுக்குங்கள். பக்கவாட்டில் ஒரு விளக்கு இருந்தால் மடிப்புகளின் நிழல் தெளிவாக விழும். தம் திரைகள் எப்படி மடிய வேண்டும் என்பதை அனாட்சுயி மாட்டுபவர்களின் போக்குக்கே விட்டுவிடுவது வழக்கம். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அம்மாவிடம் போயிற்று. நான் அரைமணி நேரம் தடுமாறியதை அவர் பார்த்துவிட்டு, “தள்ளு” என்று சொல்லி, சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல் மேல்வரிசையை விரலிடுக்கில் சேர்த்துப் பிடித்து ஆணிகளில் மாட்டினார். அந்த மடிப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.