தையல் வலி எனக்குத் தணிந்த விதம்

சுகப்பிரசவம்தான், ஆனால் தையல் போட்ட இடம் உட்காரவே விடவில்லை. முதல் 2 நாள் ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி, தடவைக்கு 10 நிமிடம் வைத்தேன், வீக்கம் வடிந்தது.

சிறுநீர் கழிக்கும்போதுதான் உயிர் போகும் எரிச்சல். ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, கழிக்கும்போதே அந்த இடத்தில் ஊற்றிக்கொண்டேன். சிறுநீர் நீர்த்துவிடுவதால் காந்தல் குறைந்தது. முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்!

பிறகு தினம் 2 வேளை, 15 நிமிடம், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய அகலமான டப்பில் உட்கார்ந்தேன். உப்போ எண்ணெயோ சேர்க்கவில்லை. எழுந்ததும் தேய்க்காமல் ஒற்றியெடுப்பேன். மலம் கழிக்கும்போது முக்க வேண்டியிராதபடி நிறையத் தண்ணீர் குடித்தேன், நார்ச்சத்துள்ள உணவு சாப்பிட்டேன்.

காய்ச்சல், துர்நாற்றம், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். மூன்றாவது வாரம், தலையணை இல்லாமலே உட்கார்ந்து பால் கொடுத்தேன்.