‘சாங்க்வின்’: ஓர் அரிய ஆங்கிலப் பெயரடையைப் பழகிக்கொள்ளும் வழி

பொருளாதாரக் கட்டுரைகளைத் தமிழாக்குவது என் வேலை. அவற்றில் அவ்வப்போது தலைகாட்டும் ஒரு பெயரடை ‘சாங்க்வின்’. எஸ், ஏ, என், ஜி, யூ, ஐ, என், ஈ என்று எட்டு எழுத்து. அன்றாடப் பேச்சில் இதை யாரும் சொல்லிக் கேட்பது அபூர்வம். ஆனால் வட்டி விகிதம், போர்நிறுத்தப் பேச்சு, புது மருந்துச் சோதனை என்று கனமான விஷயத்தைப் பற்றிய கட்டுரைகளில் திடீரென்று எதிரே வந்து நிற்கும். அகராதியைப் புரட்டி, ‘நம்பிக்கையுள்ள’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டால் இந்தச் சொல் நமக்கு வசப்படாது. அது யாருக்குப் பொருந்தும், எந்தச் சொல்லோடு சேரும், எவ்வளவு மரியாதையான இடத்தில் வரும் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அதை நாமே எடுத்து எழுதும் துணிவு வரும்.

முதலில் காதால் கேளுங்கள். இணைய அகராதிகளில் சொல்லின் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும், அதைத் தட்டினால் போதும். அழுத்தம் முதல் அசையில். ‘லாங்க்வேஜ்’ என்பதன் நடுவில் வரும் ஒலிதான் இங்கேயும் நடுவில் வருகிறது. கடைசியில் ஈ இருக்கிறதே என்று ‘க்வைன்’ என நீட்ட வேண்டாம், ‘க்வின்’ என்று குறுக்கினால் சரி. வாய்க்கு வராத சொல் கைக்கும் வராது என்பது என் அனுபவம்.

அப்புறம் வேர். இந்தச் சொல்லின் வேர் சுவையானது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். லத்தீனில் ‘சாங்க்விஸ்’ என்றால் ரத்தம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ரத்தத்துக்கும் நம்பிக்கைக்கும் என்ன உறவு? பழைய கிரேக்க மருத்துவத்தில் உடலுக்குள் நான்கு நீர்மங்கள் ஓடுவதாக நம்பினார்கள்: ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். ஹிப்போகிரட்டீஸ் வழிவந்த இந்தக் கருத்தை 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் விரித்து எழுதினார், ஐரோப்பிய மருத்துவம் பல நூற்றாண்டுகள் அதையே பிடித்துக்கொண்டிருந்தது. எந்த நீர்மம் மிகுந்திருக்கிறதோ அதுதான் ஆளின் சுபாவம். ரத்தம் மிகுந்தவர் சிவந்த முகமும் கலகலப்பும் நல்லதே நடக்கும் என்ற தெம்பும் உள்ளவர். அவர்தான் ‘சாங்க்வின்’. கபம் மிகுந்தவர் எதற்கும் அசைந்து கொடுக்காத ‘ஃப்ளெக்மாட்டிக்’, மஞ்சள் பித்தம் ஏறியவர் சட்டென்று கொதிக்கும் ‘காலரிக்’, கரும்பித்தக்காரர் வாட்டம் நிறைந்த ‘மெலங்காலிக்’. மருத்துவம் அந்தக் கொள்கையை எப்போதோ கைவிட்டது, நான்கு பெயரடைகளும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டன.

வேர் நினைவில் வைக்க உதவும். ஆனால் பயன்பாட்டைச் சொல்லித் தராது, சில சமயம் ஆளையே கவிழ்க்கும். ‘சாங்க்வினரி’ என்று இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பொருள் ரத்தக்களரியான என்பது. ‘சாங்க்வினரி பேட்டில்’ என்றால் குருதி ஆறாக ஓடிய போர். இரண்டையும் மாற்றி எழுதினால் நம்பிக்கையோடு இருக்கும் அமைச்சர் கொலைவெறி பிடித்தவராகிவிடுவார். ‘சாங்க்வின்’ என்பதற்கே ரத்தச் சிவப்பு என்ற பழைய பொருளும் உண்டு. செம்மண் நிறச் சாக்கட்டியால் வரையும் ஓவியங்களை இன்றும் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். ஓவியத்தைப் பற்றிய பக்கத்தில் இந்தச் சொல் வந்தால் நிறத்தை நினையுங்கள், மனிதரைப் பற்றியது என்றால் மனநிலையை நினையுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறிய வேண்டும் என்று மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார். அந்தக் கூட்டாளிகளைப் பார்க்க இன்று வசதி இருக்கிறது. தொகுப்பு என்றால் உண்மையான எழுத்தையும் பேச்சையும் ஏராளமாகத் திரட்டி, கணினியில் தேடும்படி வைத்திருப்பது. ‘கோக்கா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் 1990 முதல் 2019 வரையிலான நூறு கோடிச் சொற்களுக்கு மேல் உள்ளன. பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பில் 10 கோடி. தேடும் பெட்டியில் சொல்லைக் கொடுத்தால், அது வந்த வரிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக, நம் சொல் நடுவில் நிற்கும்படி அடுக்கித் தரும். ஒரு முப்பது வரியை நிதானமாகப் படியுங்கள். பொருளைப் பார்க்காதீர்கள், இடப்பக்கமும் வலப்பக்கமும் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

இந்தச் சொல்லுக்கு வலப்பக்கம் ‘அபௌட்’ திரும்பத் திரும்ப வரும். இடப்பக்கம் ‘நாட்’, ‘லெஸ்’, ‘டூ’, ‘ஓவர்லி’ என்று வரிசை கட்டும். அதாவது, நம்பிக்கை இருக்கிறது என்று சொல்ல மட்டுமல்ல, அவ்வளவாக இல்லை என்றோ வேண்டாத அளவுக்கு இருக்கிறது என்றோ நாசூக்காகச் சொல்லவும் இந்தச் சொல்லை ஆங்கிலேயர் விரும்புகிறார்கள். ‘ஐ ஆம் நாட் சாங்க்வின் அபௌட் த அவுட்கம்’ என்று ஒரு நிபுணர் சொன்னால், ‘இது தேறாது என்று நினைக்கிறேன்’ என்பதன் அடக்கமான வடிவம் அது. அகராதியின் ஒற்றை வரி இதைக் காட்டாது. என் கருத்தில், ஓர் அரிய பெயரடைக்காக ஒரு மணி நேரம்தான் செலவிட முடியும் என்றால் அதில் பெரும்பகுதியை இந்த வரிகளுக்கே கொடுக்க வேண்டும்.

அடுத்து, பக்கத்து வீட்டுச் சொல்லோடு உரசிப் பாருங்கள். ‘ஆப்டிமிஸ்டிக்’ இருக்கும் இடத்தில் இதைப் போட்டால் என்ன ஆகிறது? பொருள் பெரும்பாலும் நிற்கும், தொனி மாறும். ‘ஆப்டிமிஸ்டிக்’ எங்கும் புழங்கும். ‘சாங்க்வின்’ எழுத்து நடைக்குரியது. பதற வேண்டிய நிலையிலும் ஒருவர் நிதானமாக, நல்லபடியாக முடியும் என்று இருக்கிறார் என்ற சாயல் அதில் உண்டு. நண்பருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் போட்டால் உறுத்தும். ஆய்வறிக்கையிலோ தலையங்கத்திலோ கச்சிதமாகப் பொருந்தும். மனிதருக்கும், மனிதரின் பார்வைக்கும் கணிப்புக்கும் இது பொருந்தும். வானிலையை நேரடியாக ‘சாங்க்வின்’ என்று சொல்ல முடியாது, வானிலை பற்றிய கணிப்பைச் சொல்லலாம். அளவு கூட்டவும் குறைக்கவும் ‘மோர்’, ‘லெஸ்’ சேர்த்தால் போதும்.

தமிழில் யோசித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. ‘நம்பிக்கையான’ என்பது தட்டை, ‘நம்பிக்கையான ஆள்’ என்றால் நாணயமானவர் என்றும் பொருள் வந்துவிடும். எனக்குப் பிடித்தது ‘தெம்பு’. உடலின் வலுவையும் மனத்தின் தைரியத்தையும் ஒரே மூச்சில் சொல்கிற சொல் அது. ரத்தத்தில் பிறந்து நம்பிக்கையில் வந்து நின்ற ‘சாங்க்வின்’னுக்கு இதைவிட நெருக்கமான உறவு எனக்குத் தெரியவில்லை. ‘வளர்ச்சி பற்றி வங்கி தெம்பாகவே இருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள், காதில் சரியாக விழும். எதிர்மறையில் மட்டும் ‘பெரிய நம்பிக்கை இல்லை’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, சொந்த வாக்கியம். நீங்கள் உண்மையிலேயே கவலைப்படும் ஒரு விஷயத்தை எடுங்கள்: வரப்போகும் தேர்வு முடிவு, தள்ளிப்போய்க்கொண்டிருக்கும் ஒரு திட்டம், வீட்டில் ஒருவருக்கு நடக்கவிருக்கும் அறுவைச் சிகிச்சை. அதைப் பற்றி ‘சாங்க்வின் அபௌட்’ வைத்து ஒரு வாக்கியம், ‘லெஸ் சாங்க்வின்’ வைத்து ஒன்று, ‘டூ சாங்க்வின்’ வைத்து ஒன்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்து, தொகுப்பில் பார்த்த வரிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒட்டாத வாக்கியம் தானாகத் துருத்திக்கொண்டு தெரியும், அதை மட்டும் திருத்தினால் போதும். இது கைக்கு வந்துவிட்டால் ‘ஃப்ளெக்மாட்டிக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். கதை பாதி ஏற்கெனவே தெரியும், கூட்டாளிகளைத் தேடுவதுதான் பாக்கி.