ஊருக்கு ஊர் ஆங்கிலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளைக் கேட்டால், "வெள்ளைக்காரர் மாதிரி எனக்குப் பேச வராது" என்பார்கள். எந்த ஊர் வெள்ளைக்காரர் மாதிரி? 'கார்' என்ற சொல்லின் கடைசி 'ர்' ஒலியை லண்டன்காரர் விழுங்கிவிடுவார். ஸ்காட்லாந்துக்காரர் அதை அழுத்திச் சொல்வார். அமெரிக்கர்களில் பெரும்பாலோரும் விட மாட்டார்கள். அயர்லாந்தில் 'ஃபில்ம்' என்பதைப் பலரும் 'ஃபில்லம்' என்றே நீட்டுவார்கள். நம் பிள்ளை 'பிலிம்' என்றால் மட்டும் சிரிப்பது என்ன நியாயம்? இல்லாத ஒரே உச்சரிப்பைத் துரத்துவதுதான் முதல் தவறு.

அடுத்தது, அறியாத வழக்கைப் பிழை என்று திருத்தப் போவது. சாப்பிட்டாயா என்று கேட்க பிரிட்டிஷார் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்' என்பார்கள். அமெரிக்கர் 'டிட் யூ ஈட் யெட்' என்பார். அயர்லாந்துக்காரர் 'ஐயாம் ஆஃப்டர் ஈட்டிங்' என்றால் இப்போதுதான் சாப்பிட்டு முடித்தார் என்று பொருள். சாப்பாடு போட ஓடாதீர்கள்.

அதற்காக எல்லாமே வட்டார வழக்கு என்று விட்டுவிடவும் கூடாது. 'ஐயாம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்றால் பெரம்பூரில் யாருக்கும் புரியும். ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும் விண்ணப்பத்தில் 'ஐ ஹேவ்' என்றே எழுதுங்கள். குறித்த நாளை முன்னதாக மாற்றுவதைச் சொல்லும் 'ப்ரீபோன்' என்ற சொல்லும் இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. கூட்டத்தில் 'டேபிள்' என்ற வினைச்சொல் வந்தால் கூடுதல் கவனம் தேவை: பிரிட்டனில் ஒன்றை விவாதத்துக்கு எடுப்பது அது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது.

என் கணிப்பில் நம்மவர்களுக்கு உண்மையிலேயே இடைஞ்சல் தருபவை வேறு இரண்டு. ஒன்று, நோட்டுப் புத்தகத்தில் ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்வது. 'பே' என்று எழுதிவைத்தால் அது சம்பளமா, வளைகுடாவா? தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு நிற்காது. காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். மற்றொன்று அழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம். 'ஃபோட்டோகிராஃபர்' என்றால் அது இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடும். நாமோ எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். அதனால் எழுத்தெல்லாம் சரியாக ஒலித்தும் கேட்பவர் முழிக்கிறார். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழப்பமும் இந்த வகைதான்.

கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் காசிமேட்டுப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பல நாட்டு மாலுமிகள் ஒரே கப்பலில் இருப்பதால், சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் பொதுவான ஆங்கிலத் தொடர்களை ஏற்றது. லண்டன் உச்சரிப்பு வேண்டும் என்று அது யாரையும் கேட்கவில்லை. 150 என்ற எண்ணை 'ஒன், ஃபைவ், ஜீரோ' என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்கிறது. 'மே', 'மைட்', 'ஷுட்', 'குட்' போன்ற இருபொருள் தரும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. வேலை நேர்காணலுக்கும் இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்: நிதானம், தெளிவு, எண்ணைப் பிரித்துச் சொல்வது.

பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல்களை ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். தேதியில் 4/5 என்றால் நமக்கு மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள்.