ஹார்ட் டிஸ்கில் தானாக முளைத்த போல்டர்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியில் கொம்பியூட்டர் திருத்துகிறேன். போன மாதம் முரசுமோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணை ஒருவர் ஹார்ட் டிஸ்கோடு வந்தார். உள்ளே முழுக்கச் சாமத்தியவீட்டுப் படங்கள். "தம்பி, நான் போடாத போல்டர் ஒண்டு கிடக்கு. அழிக்கவும் விடுதில்லை. ஆரோ செய்வினை செய்திட்டாங்கள்" என்றார்.

பெயர் எண்ணும் ஆங்கில எழுத்துமாக நீண்டு கிடந்தது. இப்படி ஒன்றைக் கண்டால் உடனே அழிக்கப் போகாதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூவில் ஹிடன் ஐட்டம்ஸ், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் இரண்டையும் டிக் பண்ணிவிட்டு உள்ளே பாருங்கள். அண்ணையின் போல்டருக்குள் இருந்தது எம்ஆர்டிஸ்டப்.எக்ஸ்இ (mrtstub.exe). அதை டபுள் கிளிக் பண்ணாமல், ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சரைப் பார்த்தேன். மைக்ரோசொப்ட் என்று இருந்தது.

விண்டோஸ் அப்டேட்டோடு வருகிற, எம்ஆர்டி என்கிற வைரஸ் துடைக்கும் கருவி அது. பெரும்பாலும் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் வரும். நமக்கு அது இரவாகிவிடுவதால் புதன்கிழமைதான் கண்ணில் படும். எந்த டிரைவில் இடம் அதிகமோ அங்கே தன்னை விரித்து, வேலை முடிந்ததும் தானே அழித்துவிட்டுப் போக வேண்டியது. இடையில் கரண்ட் போனாலோ டிஸ்கைப் பிடுங்கினாலோ போல்டர் மிஞ்சிவிடும். சந்தேகம் இருந்தால் சி டிரைவில் விண்டோஸ், டிபக் என்று போய் எம்ஆர்டி லொக் (mrt.log) கோப்பைத் திறந்து, அது ஓடிய நேரத்தைப் போல்டரின் தேதியோடு ஒப்பிடுங்கள்.

பொருந்தினால் அழிக்கலாம். விடவில்லையா? அட்மின் கணக்கில் நுழைந்து, ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போய் ஓனரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஃபுல் கண்ட்ரோலும் கொடுத்தால் சரி. அண்ணையின் டிஸ்கில் பத்து நிமிட வேலை. செய்வினை கழித்த காசு வேண்டாம் என்று சொல்லித் தேநீர் மட்டும் குடித்தேன்.

இன்னொரு வகை உண்டு. மறைந்திருக்கும் போல்டர், விசித்திரமான பெயர், உள்ளே நீங்கள் எழுதாத வேர்ட், எக்ஸல், படக் கோப்புகள். அழித்தால் திரும்ப வரும். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வேர் வைரஸுக்குச் சில அன்டிவைரஸ்கள் போடும் தூண்டில் இது: அகர வரிசையில் முதலில் நிற்கிற மாதிரிப் பெயர் வைத்து, யாராவது அதைத் தொட்டால் அந்த ப்ரோகிராமை நிறுத்திவிடும். அன்டிவைரஸ் செட்டிங்கில் ரான்சம்வேர் பாதுகாப்பை நிறுத்தினால் போய்விடும். நான் நிறுத்தமாட்டேன், கண்ணுக்கு இடைஞ்சல் என்றால் வியூவில் ஹிடன் ஐட்டம்ஸ் டிக்கை எடுத்துவிடுவேன்.

ஐகான் போல்டர் மாதிரி, டைப் மட்டும் அப்ளிகேஷன் என்று இருந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் பென் டிரைவில் தொற்றி வந்த வைரஸ். திறக்காமல் முழு ஸ்கேன் போடுங்கள்.