குழந்தைகளுக்கு பைக் பழக்கும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

சின்னக் குழந்தைக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது ஏதாவது அசம்பாவிதம் நடந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்தில் நின்ற பெரியவரின் அவசரம்தான். வண்டி வாங்கியாயிற்று, இன்றைக்கே ஓட்டிப் பார்க்கட்டும் என்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஓட்டுகிறான், இவனும் ஓட்ட வேண்டாமா என்பார்கள். இல்லையென்றால் இன்னும் மூன்று வருஷத்துக்கு வருகிற மாதிரி பெரிதாகவே வாங்கிவிடலாம் என்பார்கள். மூன்றுமே பிள்ளையின் தேவையைப் பார்த்துச் சொல்வதில்லை.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே பேசுவது குழந்தைகளுக்கென்றே வருகிற 50 சிசி வண்டிகள், அதே அளவுள்ள பேட்டரி பைக்குகள் பற்றி மட்டும்தான், அதுவும் வேறு வண்டி நடமாட்டமே இல்லாத திடலில், பெரியவர் கூடவே நிற்கும்போது. சாலை, தெரு, பார்க்கிங் இடம் எதுவும் கணக்கில் இல்லை. திடலில் ஓட்டினாலும் ஆபத்து முழுசாகப் போய்விடாது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இந்த மாதிரி மோட்டார் வண்டிகளை ஓட்டவே வேண்டாம் என்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர்கள் அமைப்பு பல வருஷங்களாகச் சொல்லிவருகிறது. அதைத் தெரிந்துகொண்டு, அம்மா அப்பா இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் மட்டும் மேலே படியுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் பழக்குவது முதல் தவறு, ஏனென்றால் அடிபட்டால் அதை மறைக்கச் சொல்லிப் பிள்ளைக்குப் பழக்கிவிடுவோம்.

எத்தனை வயதில் ஆரம்பிக்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளை பெடல் சைக்கிளை இரண்டு சக்கரத்தில் நன்றாக ஓட்டுகிறதா, பிரேக் பிடித்து நினைத்த இடத்தில் நிறுத்துகிறதா, "நில்" என்று ஒரு தடவை சொன்னால் நிற்கிறதா, தானாக வந்து பைக் வேண்டும் என்று கேட்டதா? இந்த நான்கில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் காத்திருங்கள். குறிப்பாக அந்த மூன்றாவது கேள்வி. சாப்பிட வா என்று பத்து தடவை கூப்பிட்டால்தான் வருகிற பிள்ளை, இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் நீங்கள் சொல்வதை முதல் தடவையே கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சைக்கிள் பழகாத பிள்ளைக்கு பைக்கில் பக்கச் சக்கரம் மாட்டிக் கொடுக்கிறார்கள் பாருங்கள், அதை நான் முற்றிலும் வேண்டாம் என்பேன். இரண்டு சக்கர வண்டி சாய்ந்துதான் திரும்பும். பக்கச் சக்கரம் மாட்டினால் வண்டி சாயவே சாயாது, பிள்ளை திருப்பத்தில் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, உடம்பை அதற்கேற்றபடி வைத்துக்கொள்ளப் பழகும். அந்தச் சக்கரத்தைக் கழற்றுகிற அன்றைக்கு இதுவரை பழகியது எல்லாம் தலைகீழாக மாற வேண்டும். அதுவும் பெடல் சைக்கிளை விடப் பல மடங்கு கனமான வண்டியில். இதற்குப் பதில் பெடல் இல்லாத பேலன்ஸ் பைக்கைக் காலால் உந்தி ஓட்டட்டும், அப்புறம் பெடல் சைக்கிள், அதற்கும் அப்புறம் மோட்டார். பேலன்ஸ் பைக் மாதிரியே இருந்து மோட்டாரும் உள்ள பேட்டரி வண்டிகள் இருக்கின்றன, ஸ்டேசிக் என்ற பெயரில் வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மோட்டாரை ஆன் செய்யாமல் காலால் தள்ளி ஓட்டப் பழகிவிட்டு, பிறகு வேகம் குறைந்த நிலையில் ஆரம்பிக்கலாம் என்பதுதான் அதில் உள்ள வசதி.

அடுத்து, அளவு. வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற மாதிரி பைக் எடுப்பது எவ்வளவு பெரிய தவறு என்பது எண்களைப் பார்த்தால் புரியும். யமஹா பி.டபிள்யூ.50 வண்டியில் சீட் உயரம் சுமார் 48 சென்டிமீட்டர், எடை 41 கிலோ அளவில். ஹோண்டா சி.ஆர்.எஃப்.50எஃப் சீட் உயரம் சுமார் 55 சென்டிமீட்டர், எடை 50 கிலோ. இரண்டும் 50 சிசி வகைதான், ஆனால் அந்த 7 சென்டிமீட்டரில் ஒரு பிள்ளையின் பாதம் தரையில் முழுசாகப் படும், இன்னொரு பிள்ளைக்கு விரல் நுனிதான் படும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இவை இரண்டும் அதன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்பதையும் யோசியுங்கள். நிற்கும்போது வண்டி ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் அதைத் தாங்கிப் பிடிக்கிற வலு கையில் இருக்காது, தரையில் நன்றாக ஊன்றிய இரண்டு பாதங்கள்தான் காப்பாற்றும். அதனால் முதல் வண்டியில் இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தட்டையாகத் தரையில் பட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பந்தயத்துக்கென்று செய்த 50 சிசி வண்டிகளும் சந்தையில் உண்டு, கே.டி.எம். போன்ற நிறுவனங்கள் செய்கின்றன, பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். 50 சிசிதானே என்று அதை முதல் வண்டியாக வாங்கிவிடாதீர்கள், அதன் வேகமும் இழுப்பும் முற்றிலும் வேறு.

கடையில் கேட்க வேண்டிய இன்னொரு விஷயம், ஆக்சிலேட்டர் எவ்வளவு திறக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிற ஸ்க்ரூ. குழந்தைகள் பைக்கில் பெரும்பாலும் இருக்கும். மேலே சொன்ன யமஹா, ஹோண்டா இரண்டிலும் இருக்கிறது. வாங்கி வந்தவுடன் அதைக் குறைந்த அளவுக்கு இறக்கி, நீங்கள் கூடவே வேகமாக நடந்தால் எட்டிப் பிடிக்கிற வேகத்தில் வைத்துவிடுங்கள். வண்டி ரொம்ப மெதுவாகப் போகிறதே என்று பிள்ளை சொல்லும், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். சொல்லட்டும். அதோடு, இன்ஜின் ஓடும்போது பிள்ளையின் மணிக்கட்டில் கட்டி, கீழே விழுந்தால் தானாக இன்ஜினை அணைக்கிற கயிறு வைத்த கில் சுவிட்ச் தனியாகக் கிடைக்கும். வண்டியோடு வரவில்லை என்றால் வாங்கி மாட்டுங்கள்.

ஹெல்மெட்டில் நடக்கிற தவறு கொஞ்சம் மறைமுகமானது. பெரியவர்களின் சின்ன சைஸ் ஹெல்மெட்டைத் தலைக்குச் சரியாக இருக்கிறது என்று மாட்டிவிடுகிறார்கள். ஐந்தாறு வயதிலேயே தலையின் சுற்றளவு பெரியவர் அளவை நெருங்கிவிடுகிறது, அதனால் அது பொருந்தத்தான் செய்யும். கழுத்துத் தசை அப்படி வளர்ந்திருக்காது. கனமான ஹெல்மெட் தலையை முன்னும் பின்னும் ஆட்டும்போது அந்தப் பாரம் முழுவதும் மெல்லிய கழுத்தில் விழும். இதனால்தான் ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தருகிற ஸ்னெல் என்ற அமெரிக்க அமைப்பு குழந்தைகளின் மோட்டார் விளையாட்டு ஹெல்மெட்டுக்கென்று தனியாகவே தரம் வகுத்தது. குழந்தைகளுக்கென்று செய்த, எடை குறைந்த, முகத்தையும் தாடையையும் மூடுகிற ஹெல்மெட்டைத் தேடுங்கள். மாட்டிவிட்டு ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தூக்கிப் பாருங்கள், கழன்று வந்தால் அது பெரிது. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல்கூட இல்லை என்று திரும்ப மாட்டக்கூடாது, உள்ளே இருக்கிற தெர்மாகோல் மாதிரியான அடுக்கு ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான்.

கையுறை, கண்ணாடி, முட்டிக்கவசம், முழங்கைக்கவசம், கணுக்காலுக்கு மேலே வருகிற ஷூ, முழுக்கால் பேன்ட், இவை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேன்ட் எதற்கு என்பது பலருக்குத் தெரிவதில்லை. வண்டி சாயும்போது பிள்ளையின் கால் சூடான சைலன்சரில் பட்டுவிடும், சின்னப் பிள்ளைக்கு வண்டியை உதறிவிட்டுக் காலை எடுக்கத் தெரியாது.

இப்போது முதல் நாள். முதல் நாளில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே தேவையில்லை என்பது என் கருத்து. ஆரம்பமே ஆக்சிலேட்டரில் இருந்தால் போவதற்குத் தெரிந்த பிள்ளைக்கு நிற்கத் தெரியாது. இன்ஜின் அணைந்திருக்க, நீங்கள் பின்னாலிருந்து தள்ளுங்கள், பிள்ளை பிரேக் பிடித்து நிறுத்தட்டும். தரையில் ஒரு கோடு போட்டு, கோட்டில் முன்சக்கரம் நிற்க வேண்டும் என்று விளையாட்டாகச் செய்யலாம். இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, பிரேக் லீவர் பிள்ளையின் விரலுக்கு எட்டுகிறதா, எட்டினாலும் அழுத்த வலு இருக்கிறதா. பல வண்டிகளில் லீவரை உள்ளே கொண்டுவர முடியும், யாரும் செய்வதில்லை. இன்னொன்று, எந்த பிரேக் எங்கே இருக்கிறது என்பது. பி.டபிள்யூ.50-இல் இரண்டு பிரேக்கும் சைக்கிள் மாதிரி கையிலேயே இருக்கும், சி.ஆர்.எஃப்.50எஃப்-இல் பின் பிரேக் காலில் இருக்கும். சைக்கிளிலிருந்து வருகிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரியது, யோசிக்காமல் காலோ கையோ போகிற வரைக்கும் தள்ளிப் பழக்கலாம்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், பயந்துபோன பிள்ளை கையைப் பிடியிலிருந்து விடாது, இன்னும் இறுக்கிப் பிடிக்கும். வண்டி திடீரென்று முன்னால் போனால் உடம்பு பின்னால் சாயும், உடம்போடு கையும் பின்னால் இழுபடும், மணிக்கட்டு கீழே இறங்கி ஆக்சிலேட்டர் இன்னும் முறுகும், வண்டி இன்னும் வேகமாகப் போகும். பெரியவர்களுக்கும் இது நடக்கிறது. பிள்ளை வேண்டுமென்றே முறுக்குகிறான் என்று அப்போது கத்துவதில் பயனே இல்லை. மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி, முழங்கை வெளியே தெரிய, உடம்பை முன்னால் வைத்துப் பிடிக்கப் பழக்கினால் இது பெரிய அளவில் குறையும்.

இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகு, எதிரே போய் நின்றுகொண்டு "என்கிட்ட வா, வா" என்று கையை விரிக்கிறோம், அன்பில் செய்கிறோம், ஆனால் செய்யக் கூடாது. கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். பிள்ளை உங்களையே பார்த்துக்கொண்டு நேராக உங்கள் மேல் வந்து ஏற்றும், நிறுத்த மறந்துபோகும். பக்கவாட்டில் நில்லுங்கள், பார்ப்பதற்குத் தூரத்தில் ஒரு மரத்தையோ கொடியையோ காட்டுங்கள். கூடவே ஓடும்போது ஹேண்டில்பாரைப் பிடிப்பதும் அப்படித்தான், நீங்கள் பிடித்து இழுக்கும் வேகத்தில் வண்டி திரும்பிவிடும். பின்பக்கம் சீட்டுக்குக் கீழே உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டோ பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டோ ஓடலாம். ஹெல்மெட்டுக்குள் இன்ஜின் சத்தத்தில் நீங்கள் சொல்வது எதுவும் காதில் விழாது என்பதால், கையை உயர்த்தி உள்ளங்கை காட்டினால் நில், கையைக் கீழே அசைத்தால் மெதுவாக என்று இரண்டே சைகைகளை முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சைகை வைத்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது.

பேட்டரி வண்டியில் சத்தம் இல்லாததால் வேறு ஒரு ஆபத்து. வண்டி ஆனில் இருப்பதே தெரியாது. கீழே விழுந்த பைக்கைத் தூக்கும்போது பிள்ளை வலது பிடியைப் பிடித்துத்தான் தூக்கும், அப்படியே முறுகிவிடும், வண்டி கையிலிருந்து பாயும். நிறுத்தினால் முதலில் சுவிட்சை அணை, அப்புறம்தான் இறங்கு என்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள். பெட்ரோல் வண்டியில் ஒவ்வொரு தடவையும் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள், டப்பென்று தானாக மூட வேண்டும். மெதுவாகத் திரும்பினால் அன்றைக்கு வண்டியைத் தொடாதீர்கள்.

பெரிய பைக்கின் டேங்கில் முன்னால் உட்கார வைத்து, கையை ஹேண்டில்பாரில் வைக்கச் சொல்லி "நீதான் ஓட்டுகிறாய்" என்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. இதை ஓட்டப் பழக்குவதாக நினைக்காதீர்கள். சடாரென்று பிரேக் அடித்தால் உங்கள் எடை முழுவதும் பிள்ளையின் முதுகில் விழும், முன்னால் ஹேண்டில்பார் இருக்கும், நடுவில் பிள்ளை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 15, 20 நிமிஷம் போதும். ஹெல்மெட்டுக்குள் வியர்த்து, கை சோர்ந்து, கவனம் சிதறின பிறகுதான் பெரும்பாலான பிள்ளைகள் விழுகிறார்கள். இன்னும் ஒரு ரவுண்டு என்று கேட்கும்போதே நிறுத்தினால் அடுத்த வாரம் ஆசையோடு வரும். விழுந்துவிட்டால் பயம் போக வேண்டும் என்று உடனே திரும்ப ஏற்றி உட்கார வைக்கிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் அடி பட்டிருக்கிறதா பாருங்கள். தலையில் பட்டிருந்தால் அன்றைக்கு பைக் முடிந்தது. தலைவலி, வாந்தி, அதிகத் தூக்கம், குழப்பமான பேச்சு இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அடி ஒன்றும் இல்லை என்றால் ஏறுவதா வேண்டாமா என்று பிள்ளை சொல்லட்டும். அழுகிற பிள்ளையை வீடியோ எடுத்துப் பகிர்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அடுத்த வண்டிக்கு மாறுவதில் கிளட்சை முன்கூட்டியே கொண்டுவருவது வழக்கமான தவறு. 50 சிசியிலிருந்து நேராக கிளட்ச் லீவர் உள்ள வண்டிக்குப் போகத் தேவையில்லை. ஹோண்டா சி.ஆர்.எஃப்.110எஃப் மாதிரி கியர் மட்டும் காலால் மாற்றி, கிளட்ச் தானாகவே வேலை செய்கிற வண்டிகள் நடுவில் இருக்கின்றன. உட்கார்ந்து திருப்பும்போது முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறது, மெதுவாக எட்டு போடத் தெரிகிறது, பிரேக்கைப் பற்றி யோசிக்காமலே பிடிக்கிறது என்றால் மாற்றலாம். புது வண்டியிலும் முதல் நாள் இன்ஜின் அணைந்தே இருக்கட்டும், மறுபடி கோடு போட்டு, தள்ளி, பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள்.