மூன்று ரிமோட் ஒன்றான கதை: வயதானவர்களுக்கு டிவியை எளிதாக்குவது எப்படி

போன வருடம் ஒருநாள் வேலை முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தபோது டிவி திரை வெறும் நீலமாக நின்றது. அம்மம்மா பக்கத்துக் கதிரையில் தேவாரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "நாடகம் பார்க்கேல்லையா அம்மம்மா?" என்று கேட்டேன். "இண்டைக்கு மனமில்லை பிள்ளை" என்றார். இரண்டு நாள் கழித்துத்தான் அம்மா விஷயத்தைச் சொன்னார். எதையோ பிழையாக அமத்தி டிவியைப் பழுதாக்கிவிட்டேன் என்று பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். டிவியில் ஒரு பழுதும் இல்லை. செட்டொப் பெட்டி அணைந்திருந்தது, டிவி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அவருக்கு 84 வயது. கண்புரை சத்திரசிகிச்சை இரண்டு கண்ணிலும் முடிந்துவிட்டது. விரலில் சின்ன நடுக்கம் உண்டு. புத்தி தெளிவு, என்னைவிடத் தெளிவு. மூன்று ரிமோட்டில் நூற்றுக்கு மேல் பட்டன்கள் இருந்தால் யார்தான் குழம்பமாட்டார்கள்? அன்றைக்கு ஒன்றைத் தீர்மானித்தேன். எந்தப் பட்டனை அழுத்தினாலும் அவர் தானாகத் திரும்பி வரமுடியாத இடத்துக்குப் போகக்கூடாது. கீழே உள்ள வேலைகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: என்ன பார்க்கிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள்

அம்மம்மா பார்ப்பது நேத்ரா, சக்தி, வசந்தம், அப்புறம் இரண்டு இந்தியச் சனல்கள். மொத்தம் ஐந்துதான். பெட்டியில் இருந்ததோ நூற்றுக்கணக்கில். மெனுவில் விருப்பச் சனல் பட்டியல் இருக்கும். அதில் இந்த ஐந்தை மட்டும் போட்டு, பெட்டி எப்போதும் அந்தப் பட்டியலிலேயே நிற்கும்படி வைத்தேன். இப்போது மேல் பட்டனை ஐந்து முறை அழுத்தினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவார். தொலையவே முடியாது.

படி 2: கற்கும் ரிமோட் ஒன்று வாங்குங்கள்

பெரிய பட்டன்கள் கொண்ட, மற்ற ரிமோட்டின் சமிக்ஞையைப் பார்த்துப் படித்துக்கொள்ளும் ரிமோட்டுகள் இருக்கின்றன. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் பம்பலப்பிட்டியிலும் தேடிப் பார்க்கலாம். திரை வைத்த விலையுயர்ந்த ரிமோட்டுகள் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வகையில் பெயர்போன லொஜிடெக் ஹார்மனியின் தயாரிப்பையே 2021இல் நிறுத்திவிட்டார்கள். ஆறேழு பட்டன் உள்ள சாதாரண ரிமோட் போதும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: பற்றரி மாற்றினால் படித்ததெல்லாம் மறந்துபோகுமா? மறக்கும் என்றால் வாங்கவேண்டாம்.

படிப்பிக்கும் முறை மொடலுக்கு மொடல் மாறும். பொதுவாக இரண்டு ரிமோட்டையும் மேசையில் மூக்கோடு மூக்கு பார்க்க, மூன்று நான்கு சென்ரிமீற்றர் இடைவெளியில் வையுங்கள். புதியதைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, எந்தப் பட்டனுக்குப் படிப்பிக்கிறீர்களோ அதை அழுத்தி, பிறகு பழைய ரிமோட்டின் பட்டனை ஒருமுறை தட்டி விடுங்கள். அழுத்திப் பிடிக்கக்கூடாது, பிடித்தால் சனல் இரண்டு இரண்டாகத் தாவும். ஜன்னல் வெயிலில் இந்த வேலையைச் செய்யவேண்டாம். பழைய ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் தொலைபேசியின் முன்பக்கக் கமராவுக்கு நேரே காட்டி அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் திரையில் ஊதா நிறத்தில் மின்னும்.

நான் படிப்பித்தது ஐந்தே பட்டன்கள்: டிவியின் பவர், டிவியின் சத்தம் கூட்ட, குறைக்க, பெட்டியின் சனல் மேல், கீழ். மியூட் படிப்பிக்கவில்லை. தெரியாமல் பட்டுவிட்டால் சத்தம் போய்விட்டது என்று அன்றைக்கு முழுக்க மௌனப் படம்தான் பார்ப்பார். டிவி எந்த இணைப்பிலிருந்து படம் எடுக்கவேண்டும் என்று மாற்றும் சோர்ஸ் பட்டனைப் படிப்பிக்கவே கூடாது, பாதிக் கரைச்சல் அதில்தான் தொடங்குகிறது. பெட்டியின் சத்தத்தைக் கிட்டத்தட்ட முழுதாகக் கூட்டி வைத்துவிட்டு டிவியின் சத்தத்தை மட்டும் கொடுங்கள். இரண்டு இடத்தில் சத்தம் இருந்தால் எது குறைந்தது என்று நமக்கே தெரியாது.

படி 3: பவர் பட்டன்

என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது இதுதான். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரே பட்டன் டிவியையும் பெட்டியையும் சேர்த்துப் போடுமாறு செய்தேன். நன்றாகத்தான் இருந்தது, அம்மம்மா ரிமோட்டைக் கொஞ்சம் சரித்துப் பிடிக்கும் வரைக்கும். டிவிக்குச் சமிக்ஞை போய்ச் சேர்ந்தது, பெட்டிக்குப் போகவில்லை. பெரும்பாலான ரிமோட்டுகளில் 'போடு' என்று ஒரு கட்டளையும் 'அணை' என்று வேறொரு கட்டளையும் கிடையாது. இருக்கிற நிலையை மாற்று என்ற ஒரே கட்டளைதான். ஒருமுறை இரண்டும் எதிர் எதிராகிவிட்டால் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்று எரியும், மற்றது அணையும். முன்பு இரண்டு ரிமோட்டால் வந்த அதே நீலத் திரையை, நானே ஒரு பட்டனுக்குள் அடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

சரியான வழி, பெட்டியை அணைக்காமலே விடுவது. பவர் பட்டன் டிவிக்கு மட்டும். பெட்டி 10 வாட் எடுக்கிறது என்று வைத்தால், நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 7 அலகுதான். அந்தச் செலவை நான் சந்தோஷமாகக் கட்டுவேன்.

அதற்குப் பிறகும் பின்னேரங்களில் நீலத் திரை வந்தது. காலையில் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு கூடவே உட்கார்ந்து பார்த்தேன். ரிமோட்டைத் தொடாமல் ஒரே சனலை நான்கு மணிநேரம் பார்த்தார். பெட்டி, ஆள் இல்லை என்று நினைத்துத் தானாகத் தூங்கப் போய்விட்டது! மெனுவில் மின்சேமிப்பு அல்லது ஓட்டோ ஸ்டான்ட்பை என்று ஒன்று இருக்கும். அதை நிறுத்துங்கள். டிவியிலும் அதே மாதிரி ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். நான்கு மணிநேரம் ரிமோட்டைத் தொடாமல் இருப்பது இளைஞர்களுக்கு அபூர்வம், அம்மம்மாவுக்கு அது சாதாரண ஒரு பின்னேரம்.

டிவி எரியும்போது எந்த இணைப்பில் எரியவேண்டும் என்பதையும் செட்டிங்ஸில் குறித்து வையுங்கள். அது உங்கள் டிவியில் இல்லாவிட்டால், பெட்டியை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வயர் வழியே கருவிகள் ஒன்றோடொன்று பேசும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெட்டியும் அதை ஆதரித்தால்தான் பயன்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போய் வந்ததே, அன்றைக்கு எங்கள் பெட்டி ஸ்டான்ட்பையில் வந்து நின்றது. கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எரியும்படி வைக்க மெனுவில் இடம் இருந்தால் உடனே வைத்துவிடுங்கள். எங்களுடையதில் இல்லை. அதனால் பெட்டியின் முன்பக்கப் பட்டனில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினேன். "நீலமாக வந்தால் பொட்டைத் தொடுங்கோ" என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது அதை அவரே செய்கிறார்.

படி 4: பதிவு

பதிவு செய்வது என் வேலை, பார்ப்பது அவர் வேலை என்று பிரித்துக்கொண்டோம். டிவியின் பின்னால் யூஎஸ்பி துளை இருக்கிறதே, அதில் பதியலாமே என்று நினைப்பீர்கள். பெரும்பாலான டிவிகளில் பதிவு வசதியே கிடையாது. இருக்கும் டிவிகளிலும் அது டிவியே நேரடியாகப் பிடிக்கும் டிஜிட்டல் சனல்களுக்குத்தான். எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தை அது பதியாது. ஆகவே பதிவு வசதி பெட்டியில்தான் இருக்கவேண்டும்.

நாடகத்துக்குத் தினசரி டைமர் போட்டு, ஐந்து நிமிடம் முன்பும் பதினைந்து நிமிடம் பின்பும் கூட்டிக் கொடுங்கள். இலவசச் செய்மதிப் பெட்டி என்றால் நேர வலயம் +5:30 என்று இருக்கிறதா பாருங்கள். கிரீன்விச் நேரத்தில் நின்றால், கையால் போட்ட டைமர் ஐந்தரை மணிநேரம் தள்ளிப் பதியும்.

நல்லூர்த் தேரில் ஒன்று கற்றேன். 25 நாள் திருவிழாவில் 24ஆம் நாள் தேர். அம்மம்மா அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆசைப்படுவார். பதிவு இரண்டரை மணிநேரத்துக்கு மேல் போய், தேர் இருப்பிடத்துக்கு வருமுன்னே நின்றுவிட்டது. காரணம், நான் செருகியிருந்த பென் டிரைவ், கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறையான ஃபாட்32இல் இருந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது. சில பெட்டிகள் கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தொடர்ந்து பதியும், எங்களுடையது நின்றுவிட்டது. இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறையைப் பெட்டி ஏற்குமானால் அதன் மெனுவிலேயே அப்படி ஃபோர்மட் செய்யுங்கள் (உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம்). பென் டிரைவைவிட வெளி ஹார்ட் டிஸ்க் நல்லது.

பிற்சேர்க்கை

இதை வாசித்த ஒருவர், கற்கும் ரிமோட்டில் சனல் பட்டன் முதல் தடவை வேலை செய்கிறது, உடனே மறுபடி அழுத்தினால் அசையவில்லை என்று எழுதியிருந்தார். பிழை அவருடையது அல்ல. பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5 போன்ற முறைகளில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சின்னக் குறி மாறி மாறிப் போகும். புது அழுத்தலா, பிடித்தபடி இருக்கிறாரா என்று பெட்டி அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். கற்கும் ரிமோட் ஒரே குறியைத்தான் படித்து வைத்திருக்கும். ஆகவே இரண்டாவது அழுத்தலையும் முதலாவதன் தொடர்ச்சி என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். இப்படி வந்தால், உங்கள் பெட்டிக்கான குறியீடு உள்ளேயே இருக்கும் யூனிவர்சல் ரிமோட்டுக்கு மாறுங்கள்.

இன்னொருவர் இடிமின்னல் பற்றிக் கேட்டார். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடிக்கு நாங்கள் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுவோம். அன்றைய பதிவு போகும், போகட்டும். திரும்பப் பொருத்தும்போது பெட்டி எரிகிறதா என்று பார்த்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

பழைய ரிமோட்டுகளை எறியவேண்டாம். பற்றரியைக் கழற்றிவிட்டு, ஒரு உறையில் போட்டு, எது எந்தக் கருவிக்கு என்று எழுதி டிவிக்குப் பின்னால் வையுங்கள். புது ரிமோட்டின் பற்றரி மூடிக்குள் மாற்றிய திகதியை எழுதி ஒட்டினால், "ரிமோட் ஏலாது பிள்ளை" என்று அவர் சொல்லுமுன்னே மாற்றிவிடலாம்.