கைக்காசுல சோப்பு பிசினஸ் ஆரம்பிக்கிறது எப்படி?

லோன் இல்லாம, நகையை அடகு வைக்காம ஒரு பியூட்டி ப்ராடக்ட் பண்ணணும்னு நிறைய பேர் கேக்குறீங்க. கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் 1983ல வெறும் 15,000 ரூபாயோட ஆரம்பிச்சது தான் சிக் ஷாம்பு. நாமளும் ஒண்ணே ஒண்ணு எடுத்துப்போம், தேங்காண்ணெய் சோப்பு. ஃபேஸ்பேக், லிப் பாம்னு சேத்து இழுத்துப் போட்டா காசெல்லாம் டப்பாவுக்குள்ள போய் உக்காந்துக்கும்.

ஸ்டெப் 1: 1 கிராம் வரை காட்டுற டிஜிட்டல் தராசு, எவர்சில்வர் பாத்திரம், கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி, ஹேண்ட் பிளெண்டர், மோல்டு. அலுமினியம் வேணவே வேணாம், எண்ணெயை சோப்பா மாத்துற காஸ்டிக் சோடா அதை அரிச்சிடும்.

ஸ்டெப் 2: 1 கிலோ எண்ணெய்க்கு கணக்குப்படி 183 கிராம் காஸ்டிக் சோடா, ஆனா அப்படியே போட்டா குளிச்சதும் தோல் இழுக்கும், அதனால 20 சதவீதம் குறைச்சு 146 கிராம், தண்ணி 300 கிராம். தண்ணியில தான் சோடாவைக் கொட்டணும், மாத்திப் பண்ணா பொங்கி மூஞ்சில தெறிக்கும். ஜன்னலைத் திறந்து வைங்க, பிள்ளைங்க பக்கத்துல வேணாம். கரைசல் ஆறினதும் எண்ணெயில ஊத்தி, இட்லி மாவு பதம் வர்ற வரை அடிச்சு மோல்டுல ஊத்துங்க. தேங்காண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகிடும், ஊத்துன அன்னிக்கே கெட்டியானதும் வெட்டிடுங்க, மறுநாள்னு விட்டா பொடிப்பொடியா உடையும்.

ஸ்டெப் 3: இங்க தான் கைக்காசு போட்டவங்க மாட்டுறது. வெட்டுன சோப்பு காத்தாட 4ல இருந்து 6 வாரம் காயணும், அதுவரைக்கும் உங்க பணமும் அலமாரியில தூங்கும். வாரம் ஒரு பேட்ச்னா 6 பேட்ச்சுக்கான காசு கையில இருந்தா தான் ஓட்ட முடியும். நான் முதல் தடவை ஈரத்துல 100 கிராமா வெட்டி, ஆர்வக்கோளாறுல 500 லேபிள் அடிச்சிட்டேன், காஞ்சப்புறம் நிறுத்தா 88 கிராம்! அத்தனை லேபிளும் குப்பைக்கு. காஞ்ச எடை தாங்க கணக்கு.

ஸ்டெப் 4: விலை போடறப்ப எண்ணெய், சோடா, ரேப்பர், கொரியர் டப்பா, உடைஞ்ச சோப்பு, உங்க கூலி எல்லாம் சேருங்க. வீட்டு வேலை தானேன்னு கூலியை விட்டுட்டா நாளைக்கு ஆள் வைக்கவே முடியாது.

ஸ்டெப் 5: வீட்ல செஞ்சாலும் விக்கிறதுக்கு லைசென்ஸ் வேணும். 2020 காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ்படி சிஓஎஸ்-5 ஃபார்ம்ல மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கு விண்ணப்பிக்கணும், இடம், ஆள், மெஷின்னு நிறைய கேப்பாங்க. அது கட்டுப்படியாகலன்னா ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிற யூனிட்ல செஞ்சு வாங்குங்க, ஆரம்பத்துக்கு அது தான் எனக்கு சரின்னு படுது. உத்யம்ங்கிற அரசாங்க சிறுதொழில் பதிவு ஃப்ரீ, புரோக்கருக்கு காசு குடுக்காதீங்க. லேபிள்ல பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர், எடை, எம்ஆர்பி, சேர்மானம் எல்லாம் வரணும், அதனால லைசென்ஸ் நம்பர் கைக்கு வர்ற வரைக்கும் பிரிண்ட் கடைப் பக்கமே போகாதீங்க.